வாய்ப் பழக்கம்

இறால் படாத மாதங்களில் ஜமுனாவின் புருஷன் தங்கவேல் ஆரம்பாக்கத்து வயல்களுக்கு மருந்தடிக்கப் போவான். இன்றும் அவன் முதுகில் பவர் ஸ்பிரேயர் அலறிக்கொண்டிருந்தது. சோப்பும் ஒரு குடம் தண்ணீருமாக வரப்பில் உட்கார்ந்திருந்த ஜமுனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று திரும்பி மருந்து அவன் மேலேயே அடித்துவிடுமோ என்பதைவிட, அவன் வாயை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். இருவரும் ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில்தான் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

மருந்து பீய்ச்சும் குழாய் முனையிலிருந்த நாசில் அடைத்துக்கொண்டது. தங்கவேல் இன்ஜினை நிறுத்தி மெஷினை இறக்கினான். முகமூடியைக் கீழே இழுத்தான். கழற்றிய நாசில் அவன் உதட்டருகே போனது.

"யோவ்! இன்னா பண்ற நீ?" ஜமுனா ஓடிப்போய்ப் பிடுங்கினாள். "விஷம்யா அது! குடு, நானே கழுவுறேன்."

அவனைக் குடத்துத் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு நாசிலின் மூடியைத் திருகி எடுத்தாள். ஒரு கையில் நாசில், மறு கையில் பழைய பிரஷ். "எத்தினி தபா சொல்றது உனுக்கு? வாயில வெக்காதன்னா..."

திட்டு பாதியில் நின்றது. ஏன் நின்றதென்று அவளுக்கே புரியவில்லை. தங்கவேலின் கையிலிருந்து குடம் நழுவியது.

"துப்புடி! ஜமுனா, துப்பு!"

அவள் பல்லிடுக்கில் நாசில் மூடி கசந்தது.