ஐந்து கம்பெனிகளின் பட்டியல்

பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் அவள் கம்பெனி செக்ரெட்டரி. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்பதால் போர்டு கூட்டம், பங்குதாரர் கூட்டம், தீர்மானம் என்று எதுவானாலும் அவள் கையெழுத்தோடுதான் வெளியே போகும். அவளுடைய அண்ணன் அதே கம்பெனியின் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக லேத் ஓட்டுகிறான். வீட்டில் அவனுக்கு ‘வக்கீல்’ என்று பட்டப்பெயர். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதற்குக்கூட நியாயம் கேட்காமல் விடமாட்டான்.

அந்த வருஷம் விற்பனை மந்தம் என்று தொழிலாளர் போனஸைப் பாதியாக்கினார்கள். அதே வருஷம்தான் எம்.டி.யின் சம்பளத்தை நாற்பது சதவீதம் உயர்த்தவும், டைரக்டர்கள் கூட்டத்துக்கு வந்தால் வாங்கும் படியை இரண்டு மடங்காக்கவும் ஒரு தீர்மானம் தயாரானது. இதே தொழிலில் உள்ள ஐந்து கம்பெனிகளோடு ஒப்பிட்டால் நம் எம்.டி.யின் சம்பளம் குறைவு என்பது காரணம். ஒப்பிட்டுக் கொடுத்தது வெளியிலிருந்து வந்த ஆலோசகர்.

அவள் பட்டியலைப் புரட்டிப் பார்த்தாள். ஐந்தில் எதுவும் நம் அளவு கம்பெனி இல்லை. எல்லாமே மூன்று மடங்குக்கு மேல் பெரியவை. ஒரு பக்கக் குறிப்பு எழுதி, டைரக்டர்கள் சிலர் அடங்கிய சம்பளக் குழுவுக்கு அனுப்பினாள். ஓரத்தில் பென்சிலால் ‘பார்த்தோம்’ என்று மட்டும் எழுதித் திரும்பி வந்தது. தீர்மானம் மாறாமல் அச்சுக்குப் போனது.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன் போன் செய்தான்.

“பாப்பா, கூட்டத்துக்கு நானும் வர்றேன்.”

“எந்தக் கூட்டத்துக்கு?”

“உங்க கூட்டத்துக்குத்தான். எங்கிட்ட இருபது பங்கு இருக்குல்ல? நோட்டீஸ் வந்திருக்கு. கீழ உன் கையெழுத்து. அழகா போட்டிருக்க.”

“எதுக்கு வர்ற?”

“கேள்வி கேக்கத்தான். அஞ்சு கம்பெனின்னு போட்டிருக்கீங்களே, எந்த அஞ்சு?”

“அண்ணா, இதப் பத்தி நான் உங்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது.”

“நீ பேச வேணாம். நான் கேக்கறேன், அங்க யாராச்சும் பதில் சொல்லட்டும்.”

“வேலை போயிடும்ணா.”

“கேள்வி கேட்டா வேலை போகும்னா, அதையும் நோட்டீஸ்ல போட்டிருக்கணும்.”

அண்ணியிடம் சொல்லித் தடுத்துவிடலாமா என்று யோசித்தாள். போனைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள். அவன் கேட்பதில் தப்பு ஏதாவது இருந்தால்தானே தடுக்க முடியும்?

கூட்டம் காலை பதினொரு மணிக்கு, நாலாவது மாடி ஹாலில். நூற்றிருபது நாற்காலிகளில் பாதி நிரம்பியிருந்தது. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். மேடை நடுவில் போர்டு தலைவி. கணக்குத் தணிக்கையிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் ‘ஆடிட்டரம்மா’. சம்பளக் குழுவிலும் இருப்பவர். அவருக்குப் பக்கத்தில் எம்.டி. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நாலாவதாக வந்த சம்பளத் தீர்மானத்தை அவள் வாசித்து முடித்ததும் அண்ணன் கையைத் தூக்கினான். மைக் போனது.

“வணக்கம். நான் பங்குதாரர். நம்ம தொழிற்சாலையில லேத் ஓட்டறேன். மேடையில இருக்கற செக்ரெட்டரி அவங்க அனுப்பின நோட்டீஸ்ல ஒரு சந்தேகம்.”

அவள் பிறந்ததிலிருந்து அவன் அவளை ‘அவங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“அஞ்சு கம்பெனியோட ஒப்பிட்டோம்னு இருக்கு. அது எந்த அஞ்சு? அதுல எத்தனை நம்ம அளவு? இன்னொண்ணு. எம்.டி.க்கு எவ்வளவு குடுக்கலாம்னு முடிவு பண்றவங்களோட படியும் இதே தீர்மானத்துல ஏறுது. அது முறையா?”

பின்னால் யாரோ கைதட்டிவிட்டு, தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஆடிட்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். “பட்டியல் உங்ககிட்ட இருக்கா?”

பட்டியல் ஃபைலிலேயே இருந்தது. ‘எழுத்து மூலமாகப் பதில் அனுப்புகிறோம்’ என்று சொல்லித் தப்பித்துவிடலாம். எல்லாக் கூட்டத்திலும் சொல்வதுதான். நுனி நாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டு ஃபைலைத் திறந்து ஐந்து பெயர்களையும் வாசித்தாள். பிறகு யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

“இந்த அஞ்சும் விற்பனையில நம்மள விட மூணு மடங்குக்கு மேல பெரிசு. நம்ம அளவுல ஒண்ணுகூட இல்ல.”

எம்.டி.யின் முகம் சிவந்துவிட்டது. ஒரே வீட்டில் ரெண்டு வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் ஃபைலை மூடாமல் மேஜைமேல் திறந்தே வைத்தாள்.

ஆடிட்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “செக்ரெட்டரி இதையே எங்களுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தாங்க. ‘பார்த்தோம்’னு எழுதி அனுப்பினது நான்தான். சரியாப் பார்க்கல. தப்பு என்னோடது.”

பிறகு எம்.டி.யிடம் குனிந்து ஏதோ பேசினார். எம்.டி. பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுத் தலையாட்டினார். தீர்மானம் ஓட்டுக்கு விடப்படாமல் திரும்பப் பெறப்பட்டது. நம் அளவு கம்பெனிகளோடு வேறு ஆலோசகர் ஒப்பிடுவார், டைரக்டர்களின் படி தனித் தீர்மானமாக வரும் என்று ஆடிட்டரம்மா அறிவித்தார்.

கூட்டம் முடிந்ததும் எம்.டி. கூப்பிட்டனுப்பினார். ராஜினாமா கடிதத்தின் முதல் வரியை மனதில் எழுதிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

“லேத் ஓட்டறவர் உங்க அண்ணனாமே?”

“ஆமா சார். சேர்ந்த வாரமே பதிவேட்டுல எழுதிக் குடுத்திருக்கேன்.”

“கேள்வி நீங்க சொல்லிக் குடுத்ததா?”

“நான் சொல்லி அவன் என்னிக்கு சார் கேட்டிருக்கான்?”

எம்.டி.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“எனக்குக் கோவம் இருக்கும்மா, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா காலையில நம்ம பங்கு வச்சிருக்கற ஒரு பெரிய ஃபண்டுலேருந்து போன். இந்தத் தீர்மானத்தப் பத்திக் கேள்வி வந்து பதில் மழுப்பலா இருந்தா எதிர்த்து ஓட்டுப் போடறோம்னாங்க. அவங்க போட்டிருந்தா தீர்மானம் தோத்து, மானம் கப்பலேறியிருக்கும். போங்க, கூட்டக் குறிப்பு எழுதுங்க. உங்க அண்ணன் கேட்டத ஒரு வார்த்தை மாத்தாம எழுதுங்க.”

வெளியே வந்தவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன் அடித்தது.

“பாப்பா, வேலை இருக்கா?”

“இருக்கு. உனக்கு?”

“நேரா ஷிஃப்டுக்கு வந்துட்டேன். ஃபோர்மேன் வந்து கைகுடுத்துட்டுப் போறாரு. கை கிரீஸா இருக்குன்னு சொன்னேன், பரவால்லைங்கறாரு.”

அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. படியேறி வந்த டைப்பிஸ்ட் என்ன ஏது என்று கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டக் குறிப்பு எழுதப் போனாள்.

நாலு மாதம் கழித்துப் புதுத் தீர்மானம் வந்தது. எம்.டி.க்கு ஒன்பது சதவீத உயர்வு, அதுவும் லாபம் ஏறினால்தான். டைரக்டர்கள் தங்கள் படியை ஏற்றவேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். தொழிலாளர் போனஸ் மட்டும் பாதியிலேயே நின்றது. அதைப் பற்றிப் பேச வரும்படி போர்டு முதல் முறையாக யூனியனை அழைத்திருந்தது.