மொட்டைமாடியில் குத்திய பாயிண்ட்

ஊரில் நான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். ஒரகடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். காருக்குள் வைக்கிற திரைகள் லைனில் வரும். ஒவ்வொன்றின் முதுகிலும் கோணாமல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். ஒரு ஷிப்ட்டுக்கு ஆயிரத்து இருநூறு முதுகு. இரண்டு உத்தியோகத்துக்கும் நடுவே ஐநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இருந்ததால் பிரச்சினை எதுவும் வரவில்லை, என் அக்கா புருஷனுடைய ஜி.பி.எஸ். மெஷின் கண்ணை மூடுகிற வரைக்கும்.

அத்தான் இசக்கிதுரைக்குத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். சொந்தமாக ஒரு ஃபைபர் போட். அதில் பதினான்கு வருஷப் பழைய மெஷின். திரை பாதி கறுத்துப்போயிற்று. மீதிப் பாதியில் எண் தெரிய வேண்டுமென்றால் மண்டையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். புது மெஷினின் விலையைக் கேட்டுவிட்டு அத்தான் இரண்டு நாள் கடலுக்கே போகவில்லையாம். கையில் இருந்தது பன்னிரண்டாயிரம்.

"மாப்ள, வீட்டுல ஒரு இன்ஜினியர வச்சிக்கிட்டு நான் எதுக்குல கடைக்காரன்கிட்ட தொங்கணும்?" என்றார் போனில்.

"அனுப்பி வைங்க அத்தான், பாத்துக்கலாம்" என்றேன். கை ஸ்டிக்கர் ஒட்டினாலும் என் வாய் மட்டும் எப்போதுமே மேனேஜர் கிரேடு.

ஆம்னி பஸ்ஸில் பார்சல் வந்தது. மெஷினை அத்தான் தன்னுடைய நீலத் துண்டில் சுற்றி அனுப்பியிருந்தார். அந்தத் துண்டுக்கு அர்த்தம் உண்டு. எங்கள் ஊரில் வேற்று ஆள் ஒருவன் போட்டில் கால் வைத்தால், முதல் காரியமாக மெஷின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே இருப்பது பாயிண்ட்டுகள். கடலுக்கடியில் மீன் அடைகிற பாறை எங்கே இருக்கிறது என்கிற கணக்கு. ஒவ்வொன்றும் ஒரு நாள் அலைச்சலில் கிடைத்தது. அத்தானிடம் நூற்று எண்பத்து மூன்று பாயிண்ட் இருந்தது. நிலம் கிடையாது, நகை அடகில். அந்த நூற்று எண்பத்து மூன்றுதான் அக்கா வீட்டுச் சொத்து.

நான் மெஷினை வெளியே எடுத்துவிட்டு, துண்டு நல்ல கனமாக இருக்கிறதே என்று குளித்துத் தலை துவட்ட வைத்துக்கொண்டேன்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி சேகரிடம் போனேன். வடக்குப்பட்டில் நான் குடியிருக்கும் வீட்டின் ஓனர் மகன் ராஜசேகர். என் கம்பெனியிலேயே மெயின்டனன்ஸ். நிஜமாகவே வேலை தெரிந்தவன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பைக்கில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவனும் அவன்தான்.

திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "போர்டு ஃபுல்லா உப்பு பூத்துகீதுடா. இத்தப் போய் ரிப்பேர் பண்ணச் சொல்ற. வேற மெஷின் வாங்கு."

"பன்னெண்டாயிரம்தான் இருக்கு."

"அதுக்கு கவர்தான் வரும்."

"எப்படியாவது முடிச்சிக் குடு மச்சி. ஊர்ல என் மானம் போயிரும்."

"உனுக்கு அதெல்லாம் வேற இருக்குதா?" என்றான். ஆனால் அடுத்த லீவிலேயே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனான். அங்கே தாண்டவராயன் என்று ஒருத்தர், பழைய போட் சாமான் வாங்கி விற்கிறவர். சாயங்காலம் சேகர் திரும்பி வரும்போது கையில் கலர் திரை வைத்த மெஷின். இரண்டே வருஷம் ஓடியது. ஆழம் காட்டும், மீன் கூட்டமும் காட்டும். பன்னிரண்டாயிரம்தான்.

"எப்படிடா படிஞ்சுது?"

"பேசற மாதிரி பேசினா படியும்."

பேசியது நான்தான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

பழைய மெஷினிலிருந்து பாயிண்ட்டுகள் தானாக இதில் ஏறாது. கையால்தான் அடிக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். மங்கல் திரையைத் தட்டித் தட்டி நான் எண்ணை வாசிக்க, சேகர் புதியதில் அடித்தான். அத்தான் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்திருந்தார். கவியா என்பது என் அக்கா மகள் பிறந்த அன்றைக்குக் கிடைத்த பாறை. பிள்ளை பிறந்தது தெரியாமலே போட் நிறைய விளமீனோடு கரைக்கு வந்தார். அம்மா என்று ஒன்று. சண்டை என்று ஒன்று. நங்கூரம் சிக்கி, போட்டிலிருந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டித் தீர்த்த இடம். கதையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் வாசித்தேன்.

"உங்கத்தான் செம ஆளுடா" என்று சேகர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இது வெளிய போச்சுன்னா எங்க அக்கா வீட்டுல அடுப்பு எரியாது, பாத்துக்கோ."

"என்னாண்டயேவா? சோத்துல உப்பு போட்டுத்தான்டா துன்றேன்."

எல்லாம் ஏற்றி முடித்ததும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வானத்தைக் காட்டி டெஸ்ட் செய்தோம். நிற்கிற இடத்தை ஒரு பாயிண்ட்டாகக் குத்தி, மெஷின் பெயர் கேட்டதற்கு நம்பி என்று அடித்தேன். நூற்று எண்பத்து நான்காவது பாயிண்ட்: நம்பிராஜன், வடக்குப்பட்டு, தண்ணீர் டேங்க் பக்கத்தில். மீன் கிடைக்காது. பிறகு, அப்டேட் போட வேண்டும் என்று சேகர் ஒரு நாள் கடைக்கு எடுத்துப் போனான். வரும்போது மெஷினோடு புத்தம்புது சால்டரிங் செட்டும் வந்தது. கடையில் தள்ளுபடி என்றான். அதிர்ஷ்டக்காரன் என்று நினைத்தேன்.

மெஷின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தான் குழந்தையாகிவிட்டார். கரைக்கு வந்ததும் போன் வரும். "இன்னைக்கு கவியா மேல நின்னு உன் பேர அமுக்கிப் பாத்தேன் மாப்ள. வடக்க இருநூத்தி எண்பத்தேழு மைல்னு காட்டுது." பின்னாலிருந்து அக்கா உலகம்மாள், "அவ்வளவு தூரத்துல போய் கிடக்கானே எம்பிள்ள" என்பாள். இரண்டு பொட்டலம் கருவாடு அனுப்பினாள். ஒன்று எனக்கு, ஒன்று மெஷின் பார்த்துக் கொடுத்த அந்தத் தம்பிக்கு.

ஒரு மாதம் போயிருக்கும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் அடித்தது.

"நம்பிராஜனா?" என்றார் அத்தான்.

அக்காவைக் கட்டிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"காலையில கவியா மேல ஒருத்தன் நிக்கான். பக்கத்து ஊர்க்காரன். நேத்து அம்மா மேலயும் நின்னான். எப்படில வந்தன்னு கேட்டா, காசிமேட்டுல மெஷின் வாங்கினேன், பாயிண்ட் சேத்தே குடுத்தாங்கன்னு சந்தோசமா காட்டுதான். துண்டு கூடப் போடல. பாத்தேன். கவியா இருக்கா. எங்க அம்மா இருக்கா. சண்டையும் இருக்கு. கடைசியில பாத்தா நீங்களும் இருக்கீங்க."

நீங்க என்றார்.

"வித்ததுதான் வித்தீங்க, பேர எதுக்குப் போட்டு வித்தீங்க?"

போன் வைக்கப்பட்டது. மற்றவன் திருடினால் கைரேகை விடுவான். நான் திருடாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே கருவாட்டு வாசனை. சேகரின் அம்மா அக்கா அனுப்பிய கருவாட்டை வறுத்துக்கொண்டிருந்தார். சேகர் புது சால்டரிங் செட்டில் எதையோ பற்ற வைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை. கையில் இருந்த ஈயக் கம்பி மட்டும் நின்றது.

"தாண்டவராயன் இருபத்தஞ்சுக்கு கீழ வரமாட்டேன்னாரு. பழைய மெஷின்ல பாயிண்ட் கீதா, அத்தக் குடுத்தா பன்னெண்டுக்குத் தரேன்னாரு. வெறும் நம்பருதானேன்னு மெமரி கார்டுல ஏத்திக் குடுத்தேன்."

"வெறும் நம்பரா? ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து கத சொன்னேனேடா."

"கடலுக்கு இன்னா பட்டா வெச்சிக்கிறாரா உங்கத்தான்? நீதான எப்படியாவதுன்ன? பன்னெண்டாயிரத்துக்கு எப்படி வரும்னு யோசிச்சியா?"

"கேட்டேனே."

"கேட்ட. நான் சொன்னத்த நம்பிட்டுப் போய் ஊர்ல பீத்திக்கின."

அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எரிந்தது.

"இந்த செட்டும் அவர் குடுத்ததுதானா?"

சேகர் செட்டைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்தான். போனை நீட்டினேன். "அத்தான்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. நம்பி விக்கலன்னு மட்டும் சொல்லு, போதும்."

"எனக்கும் அவருக்கும் இன்னா கீது? உன் சொந்தம், நீ பேசிக்கோ." கம்பியை மறுபடி சூட்டில் வைத்தான். உள்ளேயிருந்து அவன் அம்மா, "நம்பி, துன்ட்டுப் போப்பா" என்றார். "பசிக்கல ஆன்ட்டி" என்று மாடி ஏறினேன். பசித்தது.

தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்று நானே அத்தானைக் கூப்பிட்டேன். நான் இன்ஜினியர் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்டிக்கர், சேகர், காசிமேடு, கார்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது.

"விக்கலன்னு நம்புதேன்" என்றார் கடைசியில். "அவனுக்குத் தெரியாம இருக்கும். உனக்குத் தெரியும்லா. துண்டு சுத்தித்தான அனுப்பினேன்?"

துண்டு எதிரே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அத்தான், அக்காகிட்ட..."

"அவகிட்ட நீயே சொல்லு. கடலுக்கு இனி புதுசாதான் தேடணும். இன்னொண்ணு. உன் பாயிண்ட்ட காலையிலயே அழிச்சிட்டேன்."

அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். இப்போது எங்கள் ஊர்க் கடலில் ஒரே ஒரு மெஷினில்தான் என் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்க்காரனுக்கு நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்று துல்லியமாகத் தெரியும்.

துண்டை எடுத்து மடித்தேன். அக்கா நம்பரை அமுக்கினேன்.