சனிக்கிழமையை அழைத்தவர்

மைக்கம்மாவின் வீட்டுக்குத் தொடர்ந்து ஒன்பது வாரம் சனிக்கிழமை வரவில்லை. வெள்ளியன்று படுத்தவர்கள் ஞாயிறன்று எழுந்தார்கள்; வாசலில் இரண்டு நாள் பால் கிடந்தது. "சனி விட்டுதுன்னு சந்தோஷப்படுங்க" என்றார்கள் தெருக்காரர்கள்.

பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடமாக வண்டி புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் அவர். கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போன மகன் தாய்லாந்துப் பெண்ணைக் கட்டிக் கூட்டிவந்து, அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடி கப்பலேறினான். மருமகள் முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லக்கூடப் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஊருக்கே நேரம் சொல்கிறவளுக்கு வீட்டுப் பெண்ணிடம் சொல்ல வாயில்லையா என்று ரோஷம் வந்து, மருமகளின் தாய்மொழியான தாய் மொழியைப் படிக்க உட்கார்ந்தார் மைக்கம்மா. நேற்று, நாளை, காலை, சாயங்காலம் எல்லாம் நாலே நாளில் வந்தன. 'வன்' என்றால் நாள். புதன் 'வன் புத்', ஞாயிறு 'வன் ஆதித்'. "அட, எல்லாம் நம்ம ஆளுங்கதான்!" சனியில்தான் வினை வந்தது. "வன் சாவ்" என்றாள் மருமகள்.

"புள்ளத்தாச்சி வாயில வர்ற வார்த்தையா இது? அந்த நாளே இந்த வீட்டுக்கு வேணாம்!"

சனிக்கிழமைக்கும் ரோஷம் உண்டு. அந்த வாரமே நின்றுகொண்டது.

பத்தாவது வார வியாழனன்று டாக்டர், குழந்தை சனிக்கிழமை பிறந்துவிடும் என்றார். மருமகள் அதற்குள் கற்றிருந்த தமிழில் அழுதாள். "அத்தை, நமக்குச் சனி இல்ல. பாப்பா எங்க வரும்?"

மைக்கம்மா அந்த வார்த்தையை மருமகளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்த 'சாவ்' வேறு, இந்த 'சாவு' வேறு. அதில் குரல் கீழே இறங்கி மேலே ஏற வேண்டும். வெள்ளி மதியம் நிலையத்தில் மைக்கைத் தட்டினார். "பயணிகள் கவனத்திற்கு. வன் சாவ், நாளைக் காலை எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்." குரல் இறங்கி, ஏறி நின்றது. தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. பதினொரு மணிக்குப் பெண் குழந்தை. பதிவேட்டுக்கு நேரம் கேட்ட நர்ஸிடம் தாய் மொழியிலேயே "சிப் எட் மோங்" என்றார் மைக்கம்மா. அந்த உச்சரிப்பில் சந்தேகத்துக்கே இடமில்லை. நர்ஸ் பகல் பதினொன்று என்று எழுதிக்கொண்டார்.

"எங்க அத்தை கூப்பிட்டா நாளே வரும்" என்று வார்டு முழுக்கச் சொன்னாள் மருமகள். பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். "எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் டிஸ்சார்ஜாம். கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்களேன்."

"ஆகாதும்மா" என்றார் மைக்கம்மா, பேத்தியைத் தோளில் சாய்த்தபடி. "நேரத்துக்கு முன்னாடி ஒரு வண்டியையும் நான் எடுக்கவிட்டதில்ல."