யாரும் விழாத பாட்டு

கார்ட்டூன் படத்துக்கு இசை போடுவது விளையாட்டு வேலை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஸ்டூடியோவில் ஆஸ்வின் டிராப் முதலில் தாளத்தை எழுதுவார். அந்தத் தாளத்துக்குத்தான் ஓவியர்கள் பூனையை நடக்கவைப்பார்கள், வாத்தை வழுக்கவைப்பார்கள். கால்களை வரைந்தது அவர்கள், நடையைக் கொடுத்தது இவர். திரையில் மட்டும் முதலாளியின் பெயர் கொட்டை எழுத்தில் வரும். நான் அங்கே வயலின் வாசித்தேன்.

விழுகிறவனைத் தனியாக விழ விடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். திரையில் யார் விழுந்தாலும், எங்கள் குழுவின் டெல்மர் வாசிக்கும் டிராம்போன், அந்த இழுத்து நீட்டும் பித்தளைக் குழல், கூடவே சறுக்கி இறங்க வேண்டும். பழகிப் பழகி, சாப்பாட்டுக் கடையில் எவனாவது தட்டைத் தவறவிட்டால்கூட டெல்மரின் உதடு குவியும்.

ஆஸ்வினின் மனைவி ஹுல்டாவுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. மில்வாக்கியில் சர்ச்சுக்கு இசை எழுதிக்கொண்டிருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தவள். நிமோனியாவில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அவள் வாய் அடங்கவில்லை.

"ஏங்க, எவனும் தொபுக்கடீர்னு விழாம ஒரே ஒரு பாட்டு எழுத வராதா உங்களுக்கு?"

"எழுதுறேன் தாயே. நீ முதல்ல எந்திரிச்சு உக்காரு."

அவள் எழுந்திருக்கவில்லை. ஆனால் அவர் எழுதினார்.

அடக்கத்தன்று வாத்தியங்களோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். முந்தின நாள் பெய்த மழையில் மண் சொதசொதவென்று இருந்தது. ஆஸ்வின் எழுதியதைக் கையில் கொடுத்தார். முதல் வரியை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருஷமாக இந்த மனிதர் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தார்?

"டெல்மர், நல்லா நீட்டி வாசி. அவசரமே இல்ல. இன்னைக்கு எவனும் விழப்போறதில்ல," என்றார் ஆஸ்வின்.

ஆஸ்வின் குழியோரம் நின்று கையசைத்துத் தாளம் காட்ட, வாசித்தோம். பெட்டி இறங்கத் தொடங்கியது. கயிற்றைப் பிடித்திருந்த ஹுல்டாவின் தம்பி ஹெர்மனுக்குக் கால் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கிலேயே குழியின் விளிம்புவரை சறுக்கிப் போனான். டிராம்போனும் அவனோடு சறுக்கி, அவன் நின்ற இடத்தில் 'பொம்' என்று நின்றது.

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் பாதிக் கூட்டம், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அத்தனை பேரையும் அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு. டெல்மரையும் சேர்த்துத்தான். அவன் டிராம்போனைப் புல்லில் போட்டுவிட்டு ஆஸ்வின் முன்னால் வந்து நின்றான்.

"ஐயோ ஆஸ்வின், கை தானா போயிடுச்சு. என்னைச் செருப்பால அடி."

ஆஸ்வின் குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"உன் மேல தப்பில்லடா. அவன் கால் வழுக்கினதும் உனக்குக் கை காட்டுனதே நான்தான்," என்றார்.