டிராகன் விக்க வேண்டிய இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கிண்டலாகத்தான் எழுத உட்கார்ந்தேன். என் பிழைப்பே அதுதான். பெயர்பெற்ற இசை நாடகங்களை எடுத்து, பூதத்தையும் வேதாளத்தையும் உள்ளே நுழைத்து, தலைகீழாக்கி மேடையேற்றும் குழு எங்களுடையது. எழுதுவது நான். சிறைக்குள் விடுதலைப் பாட்டுப் பாடும் வீரனை ஜாடிக்குள் அடைபட்ட பூதமாக்கினேன். மூடியைத் திறந்துவிட்ட பிறகும், பாட்டு முடியட்டும் என்று அது உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

இந்தக் கதை பிறந்தது வேறொரு நாடகத்தில். மூலத்தில், எரியும் அரண்மனையின் உச்சியில் நின்று ராணி பாடுவாள். கடைசியில் குரல் ஓர் உச்சத்துக்கு ஏறி அங்கேயே நிற்கும். எங்கள் நாடகத்தில் ராணி ஒரு டிராகன். கொட்டாவி விட்டு அரண்மனையைக் கொளுத்தியதே அவள்தான். குடிமக்களிடம் பாட்டாகவே மன்னிப்புக் கேட்கிறாள். உச்சம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு விக்கல் வரும், மூக்கிலிருந்து புகை வரும். ஒன்பது வருடமாக அந்த இடத்தில் சிரிப்பு தவறியதில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘அந்த டிராகனுக்குள் இருவர் ஒளிந்திருந்தார்கள்.’ (துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

‘என் அக்கா வாயைத் திறந்தால்’ (இதற்கு மேல் எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.)

நேராகவே சொல்கிறேன். டிராகனின் தலையும் முன்கால்களும் என் அக்கா. வாலும் பின்கால்களும் அவள் வீட்டுக்காரர், என் மாமா. பகலில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். குனிந்தபடி, இரண்டு கையாலும் அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவள் போகும் பக்கம் போவதுதான் அவர் வேலை. ஒன்பது வருடமாக இந்த நாடகத்தில் அவர் பார்த்தது அக்காவின் முதுகை மட்டும்தான்.

3

[இந்தப் பகுதியை இரண்டு முறை கிழித்தேன். இதில் ‘நான்’ என்று வருகிறவன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ரொம்ப நல்லவனாகத் தெரிகிறான்.]

அந்த மூல நாடகத்தில் ராணியாக நடிக்க அக்கா மூன்று முறை குரல் தேர்வுக்குப் போனாள். மூன்று முறையும் அதே உச்சத்தில் குரல் உடைந்தது. அதன் பிறகு ஒரு வருடம் அவள் குளியலறையில்கூட முணுமுணுக்கவில்லை. அவளைத் திரும்பப் பாட வைக்கத்தான் டிராகனை எழுதினேன். அந்த இடத்தை அவள் தொடவே வேண்டாம் என்றுதான் விக்கலை வைத்தேன்.

போன மாதம் என் மேஜைக்கு வந்தாள்.

“அந்த விக்கலை எடுத்துடேன்.”

“ஜனம் சிரிக்கிற இடமே அதுதான்க்கா.”

“ஒன்பது வருஷமா சிரிச்சாச்சு. ஒரு தடவை பாடிப் பாக்கறேனே.”

“திரும்ப உடைஞ்சா? மறுபடி ஒரு வருஷம் வாயை மூடிட்டு உக்காருவியா?”

“உக்காருவேனோ என்னவோ. அதை நான் பாத்துக்கறேன். என் தொண்டைடா அது.”

“பாக்கலாம்” என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

4

மதியக் காட்சி. முன்வரிசை முழுக்கக் குழந்தைகள். புகை மெஷினின் பெடல் மேடை ஓரத்தில் என் காலடியில் இருக்கும். நான் மிதித்தால் புகை, புகை வந்தால் விக்கல். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. வழக்கமாக அக்கா அங்கே என்னைப் பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை. மூச்சை இழுத்தாள்.

‘காற்றே அவளுக்குள்’ (அடித்துவிட்டேன். எனக்குக் கிண்டல் வரும், இது வராது.)

காட்சி முடிந்து, மாமாவை வெளியே எடுக்க வால் தையலைப் பிரிக்கும்போது அவர் சொன்னதையே தருகிறேன்.

“எந்த வரிக்கு எவ்வளவு மூச்சுன்னு என் கைக்குத் தெரியும்டா. விக்கலுக்கு இத்துனூண்டு போதும். இன்னைக்கு இழுத்துட்டே இருந்தா. என் விரலெல்லாம் தானா விரியுது. இவளுக்குள்ள இவ்வளவு இடமா இருந்துச்சுன்னு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. குனிஞ்சு நிக்கணுங்கறதே மறந்துட்டேன்.”

அவர் நிமிர்ந்ததில் டிராகனின் பின்பக்கம் குன்று மாதிரி எழுந்தது. அதைவிட வேடிக்கையான காட்சி எங்கள் மேடையில் நடந்ததே இல்லை. ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கூடப் பிறந்தவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

5

முடிவு அ: குரல் ஏறி உச்சத்தில் நின்றது. (நீங்கள் கேட்பது இதைத்தான்.)

முடிவு ஆ: குரல் உடைகிறது. தம்பி பெடலை மிதிக்கிறான். புகை, சிரிப்பு, மானம் தப்பியது. (ஒன்பது வருடமாக நான் எழுதி வந்தது இதைத்தான்.)

நடந்தது எனக்குத் தெரியும். ஐந்தடி தூரத்தில்தான் நின்றேன். எழுதவேண்டிய இடத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு நோட்டை அக்காவிடம் கொடுத்தேன். படித்தாள். அந்தப் பக்கத்தை ஒரு முறை தடவிப் பார்த்தாள். பேனாவைத் தொடவில்லை.

“நீ காலை எடுத்தியா இல்லையா, அதை எழுது. மிச்சம் என்னோடது” என்றாள்.

எடுத்தேன். அக்கா வாயைத் திறந்தபோது என் கால் பெடலில் இல்லை. அந்தத் தொண்டையிலிருந்து எது வரவேண்டும் என்று இதுவரை நான் எழுதியது போதும். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.