இருட்கோமானுக்கு ஒரு பொன்னாடை

உலகத்தை இருளில் ஆழ்த்துவோம் என்று சத்தியம் செய்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒன்பது பேருக்கு முழங்கால் வலி. மங்கையற்கரசிக்கு இரண்டு முழங்காலும் வலித்தன. ஆனாலும் இருட்கோமான் வாசலில் தோன்றும்போது எழுந்து நிற்பதில் அவள் இருபத்திரண்டு வருடங்களில் ஒருநாளும் பிந்தியதில்லை.

இருட்கோமானுக்கு வயது நானூற்றுச் சொச்சம். முன்னொரு காலத்தில் அவருக்குக் கோட்டையும் கொத்தளமும், பறக்கும் முதலைகளும் இருந்தனவாம். இப்போது ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினான்காம் தளத்தில் ஓர் ஒற்றை அறை வீடு. அடியார்கள் அவரை நேரில் "தலைவரே" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "பெரியவர்" என்பார்கள். பெயர் சொன்னால் நாக்கு கறுத்துவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. யாரும் பரீட்சித்துப் பார்த்ததில்லை.

அவருடைய கொடுமைகளில் பாதி அற்பமானவை. பனி அள்ளி முடித்த வீட்டு வாசலில் மட்டும் மறுபடி பனி கொட்டச் செய்வார். ஊரிலுள்ள கையுறைகளில் ஒற்றையை மட்டும் தொலைப்பார். மறுபாதி அப்படியல்ல. கூட்டத்தை விட்டு விலகுகிறேன் என்று சொன்ன அலெக்ஸாண்டர் அண்ணையைப் பனி தள்ளும் சவளாக்கிவிட்டார். அண்ணையின் மனைவி அந்தச் சவளை வரவேற்பறையில் சாய்த்து வைத்திருக்கிறா. அதை வெளியே கொண்டுபோக மனம் வராமல், கையாலேயே பனி அள்ளுகிறா.

இவ்வளவு வல்லமை இருந்தும் பெரியவரால் ரொறன்ரோவை முழுதாக அழிக்க முடியாமல் போனதற்கு ஒரே ஒரு காரணம்: அவரிடம் லைசென்ஸ் இல்லை. ஐந்து தரம் சோதனைக்குப் போய் ஐந்து தரமும் தோற்றார். சோதிக்க வந்தவரைத் தவளையாக்கலாம்தான். தவளை கையெழுத்துப் போடாதே. அதனால் அவர் எந்த அநியாயத்துக்குப் போவதென்றாலும் அடியார்களில் ஒருவர்தான் ஏற்றி இறக்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் மங்கைதான். கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஏழு பேர் ஏறக்கூடிய வானும் வைத்திருந்தாள்.

அவர் அழைத்தால் அடியார்களின் வாய் பாகற்காயாகக் கசக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை மங்கையின் தேநீர் கசந்தது. பதினான்காம் மாடிக்குப் போனாள்.

"மங்கையற்கரசியே, என் உடல் தளர்ந்துவிட்டது. புதிய உடல் ஒன்றில் புக வேண்டும்" என்றார் இருட்கோமான், தன் கருங்காலித் தடியை ஊன்றியபடி. "உன் மகள் துர்க்காவிடம் முழு லைசென்ஸ் உண்டாமே?"

அதை அவருக்குச் சொன்னது வேறு யாருமல்ல, மங்கையேதான். போன மாதம் வானில் வரும்போது, முன்சீற்றில் உலகத்தின் பகைவரை வைத்துக்கொண்டு, 'என்ரை பிள்ளை முதல் தரத்திலேயே பாஸ், தலைவரே. சோதிச்சவன் கைகுடுத்துவிட்டவனாம்' என்று பெருமை அடித்திருந்தாள். அலெக்ஸாண்டர் அண்ணையின் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். பஸ் கொம்பனியில் சொல்லியிருக்கலாம். வாய் அடங்கவில்லை.

"அவள் இன்னும் படிக்கிறாள், தலைவரே."

"நான் படித்து முடிப்பேன். அவள் உயிர் இந்தக் கருங்காலித் தடியின் முடிச்சுக்குள் பத்திரமாக இருக்கும். ஞாயிறு ஆண்டுக் கூட்டத்தின் முடிவில் அவளை என் முன் நிறுத்து. ஓட நினையாதே. எங்கு ஓடினாலும் என் கசப்பு அவளைத் தேடி வரும்."

அன்று இரவு துர்க்கா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்து, "அம்மா, இது ஏன் கசக்குது?" என்று கேட்டாள். மங்கை எல்லாவற்றையும் சொன்னாள். துர்க்கா தாதியர் படிப்பில் மூன்றாம் வருடம். எதையும் குறிப்பெடுக்கும் முகத்தோடு கேட்பவள்.

"வெயிட். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலை போறது மாதர் சங்கம் இல்லையா?"

"இல்லை."

"நீங்கள் ஒரு வில்லன்ரை அடியாள். லைக், பின்னாலை வரிசையா நிக்கிற ஆக்கள்."

"முன்வரிசை" என்றாள் மங்கை, தன்னையறியாமல்.

"நானூறு வயசுக் கிழவனுக்கு என்ரை உடம்பு வேணும். ஏனெண்டா எனக்கு பரலல் பார்க்கிங் வரும். ஓ மை கோட், அம்மா." துர்க்கா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். அதுவும் கசந்திருக்க வேண்டும். மங்கை அவள் கையைப் பிடிக்கப் போனாள். துர்க்கா கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை பெரியவரைப் பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு ஏற்றிப் போக வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நின்றன. அவர் வழக்கம்போலத் தன் இளமைக் கதையைத் தொடங்கினார். வருடத்துக்கு இருபது தரம் சொல்லும் கதை. அடியார்கள் "ஓம், ஓம்" என்றுவிட்டு மனதுக்குள் மரக்கறிக் கணக்குப் பார்ப்பார்கள். பிள்ளையின் உயிர் போகப்போகிற கிழமையில் மங்கைக்கு வேறு கணக்கு ஓடவில்லை. முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டாள்.

"என் குரு ஆற்றில் குளிக்கப் போனார். கரையில் ஒரு சீடன் 'இனி இவரே நம் தலைவர்' என்று என்னைக் காட்டினான். மற்றொருவன் 'ஆம்' என்றான். அந்தக் கணமே தடி குருவின் ஆசனத்திலிருந்து என் கைக்குத் தாவியது! தடி ஆளைப் பார்ப்பதில்லை, மங்கையற்கரசியே. அடியார் யாரைத் தலைவரென்கிறார்களோ, அவருக்கே பணியும்."

"அப்படியோ, தலைவரே?" என்றாள் மங்கை. பின்னாலிருந்த லொறி ஹோர்ன் அடித்தது. முன்னால் பாதை திறந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

ஞாயிறு மத்தியானம் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளக் கொண்டாட்ட அறையில் ஆண்டுக் கூட்டம். இரண்டு மணிக்கென்று போட்டிருந்தது, மூன்றேகாலுக்குத் தொடங்கியது. ஐந்து மணிக்கு அறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துர்க்கா தேநீருக்கான ரோல்ஸ் தட்டுகளோடு மூலையில் நின்றாள். கருங்காலித் தடி மேசையில் தலைவருக்கு முன்னால் கிடந்தது.

செயலாளர் றெமிஜியஸ் எழுந்தார். அறுபத்தொரு வயது, பெனியனுக்கும் பொத்தான் பூட்டுகிற சுபாவம். வரவேற்புரை, செயலறிக்கை, நன்றியுரை, நன்றியுரைக்கு ஒரு நன்றி. கடைசியாக, "நிர்வாகத் தெரிவு. வழமைபோலப் பழைய சபையே தொடரும். ஆட்சேபனை இல்லைத்தானே?" என்றார்.

மங்கை எழுந்தாள். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"அண்ணை, ஒரு விசயம். எங்கடை தலைவரை இவ்வளவு காலமும் நாங்கள் வெறும் தலைவராவே வைச்சிருக்கிறம். ஒவ்வொரு ஊர்ச் சங்கத்துக்கும் தலைவர் இருக்கினம். ரெண்டு வருசத்துக்கொருக்கா மாறுகினம். இவருக்கும் அதே பதவியோ? வெக்கமாயில்லையோ எங்களுக்கு? இவரை எங்கடை மாபெரும் போசகரா உயர்த்த வேணும் எண்டு கேட்டுக்கொள்ளுறன்."

அறையில் ஒரு மரியாதையான முணுமுணுப்பு எழுந்தது. போசகர் என்றால் என்ன என்பது அங்கிருந்த பன்னிரண்டு பேருக்கும் தெரியும். மேடையில் நடுக்கதிரை. ஆண்டு மலரில் முதற்பக்கம், முழுக் கலரில் படம். விழாவில் முதல் பொன்னாடை. அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. இது எதுவும் தெரியாத ஒரே ஆள் இருட்கோமான்.

"முழுக் கலரிலா?" என்றார் இருட்கோமான்.

"முழுக் கலரிலை" என்றாள் மங்கை. "மினுங்கல் தாளிலை."

"ஒரு சிக்கல்" என்றார் றெமிஜியஸ், கண்ணாடியை மேலே தள்ளி. "சங்க யாப்பு விதிகளின்படி ஒராள் ரெண்டு பதவி வகிக்கேலாது. போசகர் எண்டால் தலைவர் பதவி காலி."

மங்கை அவரைக் கட்டிப்பிடித்திருப்பாள். அதற்குள் அன்ரனெற் அக்கா பொன்னாடையை உதறி விரித்துவிட்டா. எந்த விழாவுக்கும் ஒரு மேலதிகப் பொன்னாடையோடு வருகிற மனுசி அவ. கரகோசம் எழுந்தது. பட்டுச் சால்வை நானூறு வயதுத் தோளில் விழுந்தது. பெரியவரின் கண் கலங்கிற்று என்று பிறகு சிலர் சொன்னார்கள்.

"மகிழ்ந்தோம்" என்றார். "இனி அந்தப் பெண்ணைக் கொண்டு வாருங்கள்." தடிக்குக் கை நீட்டினார்.

தடி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். மேசை நகர்ந்தது, தடி நகரவில்லை.

"நீங்கள் இப்ப போசகர் எல்லோ" என்றாள் மங்கை மெதுவாக. "தடி தலைவருக்குத்தான்."

பெரியவருக்கு விளங்க மூன்று கணம் எடுத்தது. விளங்கியதும் அறையின் விளக்குகள் எல்லாம் மங்கின. "என்னையே மீண்டும் தலைவரென்று சொல்லுங்கள்! இப்போதே! சொல்லாதவனைச் சவளாக்குவேன்!"

"போசகர் பதவியை விட்டு எழுத்துமூலம் விலகினால் பரிசீலிக்கலாம்" என்றார் றெமிஜியஸ், குரல் நடுங்கினாலும் யாப்பு நடுங்காமல். ஒரு தாளையும் போல்பொயின்ற் பேனையையும் நீட்டினார். அதுவரை இரத்தத்தில் மட்டுமே எழுதியிருந்த பெரியவர் பேனையின் மூடியோடு போராடத் தொடங்கினார்.

மங்கைக்கு அந்த ஒரு கடிதம் எழுதும் நேரம்தான் இருந்தது. திட்டத்தின் மீதிப் பாதியை அவள் றெமிஜியஸின் மேல் கட்டியிருந்தாள். தலைவர் பதவிக்காக இருபது வருடமாக ஏங்குகிற மனிதன். அந்த ஏக்கம் அவர் கழுத்துப்பட்டியில்கூடத் தெரியும்.

"தலைவர் பதவிக்கு றெமிஜியஸ் அண்ணையை முன்மொழியிறன்!"

றெமிஜியஸின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. கையை நெஞ்சில் வைத்தார். "ஐயோ, எனக்கு வேண்டாம். வேறை ஆரும் இளம் ஆக்களைப் பாருங்கோ."

"அண்ணை, ஓம் எண்டு சொல்லுங்கோ."

"இல்லைத் தங்கச்சி. எனக்கு நேரமில்லை. எனக்கு அப்பிடி ஆசையும் இல்லை."

மூன்று தரமாவது மறுக்க வேண்டும். நாலாம் தரம் எல்லோரும் கையைப் பிடித்து இழுத்து இருத்த வேண்டும். அதுதான் முறை. கேட்டவுடன் ஓம் என்கிறவனைப் பற்றி அஜக்ஸ் வரை கதைப்பார்கள். பெரியவர் மூடியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டார். 'நான் விலகு' வரை எழுதியாயிற்று.

"றெமி அண்ணை, என்ரை பிள்ளை செத்துப்போகும்!"

"விளங்குது, விளங்குது. ஆனால் அன்ரனெற் அக்கா இருக்கேக்கை நான் எப்பிடி..."

"எனக்கேன்? எனக்கு பிரசர்" என்றா அன்ரனெற் அக்கா, இதுவும் முறைப்படி.

மங்கை துர்க்காவைப் பார்த்தாள். பிள்ளை ரோல்ஸ் தட்டைக் கேடயம்போல நெஞ்சோடு அணைத்து நின்றாள். அப்போது மங்கை தன் சனத்தின் சரித்திரத்திலேயே யாரும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தாள்.

"நான் இருக்கிறன். எனக்குத் தலைவர் பதவி வேணும். என்னை நானே முன்மொழியிறன்."

விளக்குகள் மங்கியபோதுகூட அறை இவ்வளவு அதிரவில்லை. யாரோ "சீ" என்றார்கள். றெமிஜியஸ் பிடித்திருந்த யாப்புப் புத்தகம் நழுவி விழுந்தது. அந்த நிசப்தத்தில் பேனை 'கிறேன்' என்று முடிக்கும் சத்தம் கேட்டது.

"வழிமொழியிறன்" என்றா அன்ரனெற் அக்கா. எல்லோரும் திரும்பினார்கள். "என்ன பாக்கிறியள்? என்ரை மகன் மரியோ வாற மாசம் லைசென்ஸ் எடுக்கிறான்."

தடி மேசையிலிருந்து துள்ளி மங்கையின் கைக்கு வந்தது.

வந்த வேகத்தில் முழங்கால் வலி பறந்தது. ஸ்காபுரோ முழுவதும் அவளுக்குக் கேட்டது. ஒவ்வொரு கதவுப் பூட்டும், ஒவ்வொரு இதயமும். றெமிஜியஸை ஒரு பூச்சாடியாக்கலாம். வேண்டுமானால் இன்றே இருபது வயது உடம்பொன்றுக்குள்... அவள் பார்வை துர்க்காவின் மேல் நின்றது. எவ்வளவு நேராக நிற்கிறாள் இந்தப் பிள்ளை. படியேறும்போது கைபிடி தேடாத கால்கள்.

துர்க்கா அந்தப் பார்வையை வாசித்துவிட்டாள்.

"அம்மா" என்றாள். "டோன்ற் ஈவன். நினைக்கவும் கூடாது."

மங்கைக்கு முகம் சுட்டது. தடியை மேசையில் ஓங்கித் தட்டினாள். பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை ஒரே வார்த்தையில் அடக்குகிற அதே குரலில் சொன்னாள்: "தலைவர் எண்ட முறையிலை சொல்லுறன். கூட்டம் கலைஞ்சுது. சங்கமும் கலைஞ்சுது. இனித் தலைவரும் இல்லை, அடியாரும் இல்லை."

"இது நிகழ்ச்சி நிரலிலை இல்லை!" என்று றெமிஜியஸ் கத்தினார். அதற்குள் தடி நடுவில் வெடித்து வெறும் விறகாகிவிட்டது. மங்கையின் முழங்கால் வலி இரண்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. இருட்கோமான் பொன்னாடையோடு ஒரு வயோதிபராகக் கதிரையில் சரிந்தார். யாரோ அவர் கையில் தேநீரைக் கொடுத்தார்கள்.

"அப்ப அடுத்த மாசம் எங்கை கூடுறது?" என்று கேட்டா அன்ரனெற் அக்கா.

"என்ரை வீட்டை வாங்கோ."

"உலகத்தை என்ன செய்யிறது?"

"அது தன்ரைபாட்டிலை நாசமாப் போகட்டும், அக்கா."

வானில் துர்க்கா சாரதி ஆசனத்தில் ஏறினாள். திறப்பைச் செருகினாள், வண்டியைக் கிளப்பவில்லை.

"அந்த ஒரு செக்கண்ட், அம்மா. நீங்கள் என்னைப் பார்த்த பார்வை."

"ஓம்" என்றாள் மங்கை. பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு செக்கண்ட்."

துர்க்கா கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் சேர்ந்தனீங்கள்?"

"வந்த முதல் குளிர்காலம். நீ வயித்துக்குள்ளை. பார்க்டேலிலை ஒரு பேஸ்மென்ற். உன்ரை அப்பா ரெண்டு வேலை. ரெண்டு மாசமா ஒரு சனமும் என்னோடை கதைக்கேல்லை. ஒரு நாள் உடுப்புத் தோய்க்கிற இடத்திலை அன்ரனெற் அக்கா வந்து, 'பின்னேரம் ஒரு கூட்டம் இருக்கு, வாறீரோ' எண்டு கேட்டா."

"என்ன கூட்டம் எண்டு கேக்கேல்லையா?"

"கேட்டனான். 'உலகத்தை அழிக்கிறது, பிறகு தேத்தண்ணி' எண்டா."

"அதுக்கு நீங்கள்?"

"எத்தினை மணிக்கு எண்டு கேட்டன்."