உப்புப் படாத போர்டு

ஆனந்தன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். பட்டறையில் யாரும் இல்லை. அலைமேல் சறுக்கும் போர்டைக் கவிழ்த்துப் போட்டு, வால் பக்கம் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த மூன்று ஃபின்களில் நடு ஃபின்னின் இடுக்கில் நாக்கை வைத்து நக்கினான். உப்புக் கரிக்கவில்லை. தூசிதான் நாக்கில் ஒட்டியது.

ஐந்து வாரமாகத் தினமும் கடலில் ஓடியதாகச் சொல்லப்பட்ட போர்டு அது. எத்தனை கழுவினாலும் ஸ்க்ரூ இடுக்கில் உப்பு ஒளிந்துகொண்டிருக்கும். அங்கேயும் இல்லையென்றால் இந்தப் போர்டு கடலையே பார்க்கவில்லை. அப்படியானால் பாவா ஐந்து வாரமாக அவன் காதில் பூ சுற்றிக்கொண்டிருக்கிறார்.

பாவா என்பது அக்கா கவிதாவின் வீட்டுக்காரர் தணிகாசலம். கே.ஜி.கண்டிகையில் பிறந்தவர். சென்னையை அடுத்த கோவளத்தில் ஒரு ஓட்டலின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளப் போனவர், அங்கே தங்க வந்த வெள்ளைக்காரர்களிடம் அலைமேல் சறுக்கக் கற்றுக்கொண்டார். கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத ஊரில் பிறந்த மனிதர், முப்பத்தாறு வயதில், கடலிலேயே வளர்ந்தவர்கள் வாய் பிளக்கிற மாதிரி சறுக்குவார். இரண்டு வருஷம் முன்பு, 2006-இல், உடைந்த போர்டு ஒன்றை பஸ்மேல் கட்டிக்கொண்டு வந்து, “இத ஒட்ட முடியுமா பாரு ஆனந்தா” என்றார். ஆனந்தனுக்குத் திருத்தணியில், அரக்கோணம் ரோட்டில் ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு செய்கிறவனுக்கு அதை ஒட்ட எவ்வளவு நேரமாகும்?

ஒட்டிய இடம் தெரியவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கோவளத்தில் சறுக்குப் பள்ளி நடத்தும் சூர்யநாராயணன் அவனுக்குப் போன் செய்தார்.

“எனக்கு ஷார்ட்போர்டு வேணும். ஆறடி நீளம், ரெண்டரை கிலோ, சட்சட்டுன்னு திரும்பணும். ஆனா ஒண்ணு. அந்த மாதிரி போர்டெல்லாம் பெரிய அலைக்குத்தான் செய்யறாங்க, சின்ன அலையில ஏறி நின்னா முழுகிடுது. இங்க பெரிய அலை வருஷத்துக்குப் பத்து நாள். மிச்ச நாள்ல இடுப்பளவுதான். அந்த அலையில ஓடணும். ஓடுச்சுன்னா இருபது போர்டு நீங்கதான் செய்யறீங்க.”

யார் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என்று ஆனந்தன் கேட்டதற்கு, “தணிகாசலம்தான். மத்தவனுங்க ஒரு டீ வாங்கிக் குடுத்தா நல்லா இருக்குன்னுடுவானுங்க” என்றார்.

பிளாஸ்டிக் தொட்டி மலிவாக வந்த நாளிலிருந்து ஆனந்தனிடம் தொட்டி கேட்டு ஒரு ஆள் வரவில்லை. இருபது போர்டு கிடைக்கவில்லையென்றால் பட்டறையை மூடிவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேனுக்காக விடியற்காலையில் ரோட்டில் நிற்கவேண்டியதுதான். அதனால் அந்தப் போர்டைப் பெற்ற பிள்ளை மாதிரி செய்தான். நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் சதை வைத்து, விளிம்பை மெலித்து, மூன்று தடவை தேய்த்து, அப்படியும் மனசு ஆறாமல் நான்காவது தடவையும் தேய்த்தான்.

பக்கத்துக் கடை ஆதிகேசவன் பெயர்ப்பலகை எழுதுகிறவர். பார்த்துவிட்டு, “போர்டுன்ற, ஒரு எழுத்துகூட இல்லியேபா” என்று கேட்டார்.

பாவா போர்டைக் கொண்டுபோனார். ஆனந்தன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தான். முதல் வாரம், “நல்லா இருக்குது.” இரண்டாவது வாரம், “பரவால்ல.” மூன்றாவது வாரம், “அலையே இல்லபா.” அன்றைக்குத்தான் மீனவர்கள் கடலுக்குப் போகவேண்டாம் என்று டிவியில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “திரும்பறப்ப வால் இழுக்குதா பாவா?” என்றால், “ஆங், கொஞ்சம்.” அடுத்த வாரம் அதையே கேட்டால், “இல்லியே.” நடுவில் சூர்யநாராயணன் வேறு, பாண்டிச்சேரியிலிருந்தும் ஒருவர் போர்டு அனுப்பியிருப்பதாகச் சொல்லிவைத்தார்.

“உங்க பாவா அவன் பக்கம் சாஞ்சுட்டாரோ என்னவோ” என்றார் ஆதிகேசவன், டீயை ஆற்றிக்கொண்டே. சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார். ஆனந்தனுக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

இன்று காலை ஆனந்தனின் மகளுக்கு முருகன் மலைமேல் மொட்டை. அக்கா வரவில்லை, காய்ச்சலாம். பாவா மட்டும், கழுத்தில் புரளும் முடியும் தாடியுமாக, ஆனந்தன் கொண்டுவரச் சொல்லியிருந்த போர்டோடு வந்து இறங்கினார். எல்லோரும் மேலே போனபோது, “எனக்கு முட்டி வலி, நீங்க போயிட்டு வாங்க” என்று அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். தினமும் அலைமேல் நிற்கிறவருக்கு முட்டி வலியாம்! குழந்தை மொட்டைத் தலையோடு இறங்கி வந்தபோதும் அவர் கண் யாரையும் பார்க்கவில்லை. அதனால்தான் பட்டறைக்கு வந்ததும் ஆனந்தன் போர்டை நக்கினான்.

கொஞ்ச நேரத்தில் பாவா உள்ளே வந்தார்.

“நேத்து ஓட்டினீங்களா பாவா?”

“ஆங், ஓட்டினேனே.”

“எப்படிப் போச்சு?”

“நல்லா போச்சுபா.”

“அப்ப மலைக்கு வாங்க. முருகன் எதிர்ல நின்னு, ஓட்டினேன்னு சத்தியம் பண்ணுங்க.”

பாவாவின் முகம் செத்துப்போனது. “முட்டி வலின்னு சொன்னேன் இல்ல.”

“மேல வரைக்கும் பஸ்ஸு போவுது. உக்காந்துகினே போலாம்.”

பாவா தாடியைச் சொறிந்துகொண்டார். ஆனந்தனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் பொய் சொல்கிறவன் எங்கே வேண்டுமானாலும் சொல்வான், மலைமேல் மட்டும் சொல்லமாட்டான். ஐந்து வாரத்து ஆத்திரம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“பாண்டிச்சேரிக்காரனுக்கு என்னை வித்துட்டீங்க. பொண்ணு குடுத்த வீட்டுக்கே துரோகம். இனிமே எங்க வாசப்படி மிதிக்காதீங்க.”

தணிகாசலம் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தார். பிறகு போர்டை எடுத்து அக்குளில் இடுக்கினார்.

“நாளைக்குப் பத்து மணி. சூர்யநாராயணன் சாரை வச்சுகினே ஓட்றேன். வந்து ரெண்டு கண்ணாலயும் பாத்துக்கோ.”

மறுநாள் முதல் ரயிலில் ஆனந்தன் கிளம்பினான். பாவாவைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற குஷி அவனுக்கு இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். மணவூரில் வண்டி நின்றபோது போன் அடித்தது. கவிதா.

“அவரு போர்ட எடுத்துகினு போறாருடா. போன ஆஃப் பண்ணிட்டாரு. நீ இன்னாடா சொன்ன அவர?”

“உள்ளதச் சொன்னேன். ஓட்டட்டுமே, உனக்கென்னக்கா?”

“அவரு கடல்ல எறங்கக் கூடாதுடா.”

“ஏன்?”

அக்கா அழ ஆரம்பித்தாள். “அஞ்சு நாள் போனா மூணு மாசம் முடியுதுடா. அம்மாவுக்குக்கூடச் சொல்லல. முன்ன ரெண்டு தடவ ஊரெல்லாம் சொல்லித்தான் தங்காம போச்சுன்னு, இந்தத் தடவ மூணு மாசம் முடியறவரைக்கும் யார்கிட்டயும் வாய் தொறக்கறதில்லன்னு அவரும் நானும் சத்தியம் பண்ணிகினோம். நான்தான் இப்ப மீறிட்டேன். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதடா. உன் காலப் புடிச்சுக்கறேன்.”

வண்டி நகர்ந்தது. ஆனந்தன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தான்.

பிள்ளைத்தாச்சியின் புருஷன் கடலில் முழுகக்கூடாது. மலை ஏறக்கூடாது. முடி எடுக்கக்கூடாது. திருத்தணியில் இது தெரியாதவன் கிடையாது. வேறு எவனாவது தாடியும் முடியுமாக அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்தால், “என்ன விசேஷமா?” என்று இவனே முதல் ஆளாகக் கேட்டுச் சிரித்திருப்பான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன அக்கா விஷயத்தில் மட்டும் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு இனிமேல் இல்லை என்று அவனே எப்போதோ முடிவு கட்டியிருக்கிறான். திருட்டுத்தனம் என்று யோசிக்கத் தெரிந்தவனுக்கு, நல்லது என்று யோசிக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. சாஸ்திரம் உண்மையோ பொய்யோ, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், துரத்திக் கடலில் இறக்கியது அவன்தான்.

கோவளத்தில் பஸ்ஸிலிருந்து குதித்தபோது மணி பத்து ஐந்து. செருப்பு மணலில் எங்கேயோ கழன்று போனது. சூர்யநாராயணன் கறுப்புக் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மணலில் பாண்டிச்சேரிப் போர்டு கிடந்தது. கடல் அவர் கேட்டபடியே இருந்தது. இடுப்பளவு அலை, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பாவா அரை டிராயரோடு கணுக்கால் தண்ணீரில் நின்று, போர்டைக் கீழே வைக்கக் குனிந்தார்.

“பாவா, எறங்காதீங்க!”

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். “வந்துட்ட இல்ல? நின்னு பாரு.”

“வேற யாராவது ஓட்டட்டும் சார்” என்றான் ஆனந்தன், மூச்சு வாங்க.

“அதெல்லாம் வேலைக்காவாது. தணிகாசலம் ஓட்டணும், இன்னிக்கே ஓட்டணும். நான் ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணியாகணும்” என்றார் சூர்யநாராயணன்.

பாவா இன்னும் ஓரடி உள்ளே வைத்தார்.

ஆனந்தன் ஓடிப்போய்ப் போர்டின் வாலைப் பிடித்துக்கொண்டான். “போர்டு சரியில்ல சார்! பசைய இறுக்கற ஹார்டனர் கம்மியா கலந்துட்டேன். ரெசின் உள்ள வேகவே இல்ல. ஏறி நின்னா நடுவுல ஒடையும், ஆளக் கிழிச்சுடும்.”

“இத அஞ்சு வாரமா ஏன் சொல்லல?”

“தெரியும் சார். சமாளிச்சுடலாம்னு பாத்தேன்.”

சூர்யநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். உயிர் போகிற சாமானில் ஏமாற்றுகிறவனைப் பார்க்கிற பார்வை பார்த்தார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாண்டிச்சேரிப் போர்டை எடுத்துக்கொண்டு, “இனிமே போன் பண்ணாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

தணிகாசலம் அசையவில்லை. போர்டைத் தூக்கி நிறுத்தி, விரல் முட்டியால் தலையிலிருந்து வால் வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெட்டியான சத்தம். இத்தனை வருஷமாகப் போர்டோடு புழங்குகிறவருக்கு அந்தச் சத்தம் போதும்.

“இதுல ஒரு குறையும் இல்ல” என்றார் மெதுவாக. அவர் கண் சுருங்கியது. “சொல்லு. பாண்டிச்சேரிக்காரன் காசு எடுத்துகினு உன்கிட்டதான் வந்தானா? அதுக்குத்தான் நேத்து அந்த வேஷமா? பழிய என் தலையில போடவா?”

எனக்குத் தெரியும் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவா கட்டிப்பிடித்துக்கொள்வார். ஆனந்தனின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, அக்கா காலைப் பிடிக்கிறேன் என்றாள். இல்லை என்று சொன்னால், அப்புறம் ஏன் தடுத்தாய் என்று கேட்பார். கேட்டுவிட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்குவார்.

“ஆங்” என்றான் ஆனந்தன்.

தணிகாசலம் போர்டை அவன் காலடியில் போட்டார். “தூ” என்று மணலில் துப்பிவிட்டுக் கரையேறி நடந்தார். அவர் டிராயரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.